கதவு திறக்காத விளையாட்டு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் பத்திரிகையில் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். விடாமல் கேட்டால், வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன் என்பேன். "அது சரி, வேலை?" என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இதழில் அரைப் பக்கம் என்னுடையது. அந்த வாரம் வெளிவந்த ஐந்து விளையாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி, பத்தியின் முடிவில் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு. வாங்கலாம், இல்லாவிட்டால் விடலாம். நடுவில் ஒன்று இருந்தால் யார் மனதும் நோகாதே என்று ஆரம்பத்தில் 'பார்க்கலாம்' என்றும் எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியை மேடம் அதை நிறுத்திவிட்டார். நம் ஆட்கள் பார்க்கலாம் என்று சொன்னால் முடியாது என்று அர்த்தம், இதில் தீர்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் ஃபோன் கட்டாகிவிட்டது. மேடம் எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் வைத்துவிடுவார். 'சரி', 'வைக்கிறேன்' எல்லாம் அவரைப் பொறுத்தவரை நேர விரயம்.

எல்லா வகை விளையாட்டையும் ஆடித் தள்ளுகிற வீரன் என்று வாசகர்கள் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இது குடும்பத் தொழில். நாங்கள் மாடியில் இருக்கிறோம், மாமனார் வீடு கீழே. மாமனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர் என்பதால் பந்தய விளையாட்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வாரம் வந்த பந்தயத்தில் மற்ற கார்கள் மூன்றாம் சுற்றை முடிக்கும்போது அவர் முதல் வளைவில் கையைக் காட்டி வழிவிட்டுக்கொண்டிருந்தார். எல்லாப் போட்டியிலும் கடைசி. ஆனால் வண்டியில் ஒரு கீறல் இல்லை. வைப்பர் ஓடுகிற சத்தம் தத்ரூபம், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று அவர் சொன்னதை அப்படியே எழுதி, வாங்கலாம் என்று முடித்தேன்.

பேய் விளையாட்டு என் மனைவிக்கு. நான் ஆடினால் சத்தத்தை அணைத்து, விளக்கைப் போட்டு, பகலில்தான் ஆடுவேன். அதிலும் கதவைத் திறக்கும் இடம் வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன். அவள் துவைத்த துணியை மடித்தபடியே ஆடுவாள். ஆடிய மூன்று முறையும் பேய் ஒரே அலமாரியிலிருந்து வந்தது. அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, அலமாரியைப் பூட்டிவிட்டால் கதை முடிந்ததே என்றாள். விடலாம். விவசாய விளையாட்டை நானே ஆடினேன். பால்கனியில் இருந்த ஒரே தொட்டிச் செடியைச் சாகடித்தவன் திரையில் நாற்பது ஏக்கர் கேரட் அறுவடை செய்தேன். மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்ததால் அதுவும் வாங்கலாம். கால்பந்துக் குழுவை நிர்வகிக்கும் விளையாட்டில் பதினோரு ஆட்டக்காரர்களும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அலுவலகத்துக்குப் போகாதவன் வீட்டில் உட்கார்ந்து அலுவலகத்தை விலைக்கு வாங்குவானேன்? விடலாம்.

ஐந்தாவதாக வந்தது 'விருந்தாளி'. பெயர் தெரியாத ஒரு சின்ன நிறுவனத்தின் தயாரிப்பு. பென்சிலால் வரைந்த படங்கள். நாம் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறோம். சாயங்காலம் ஆகிவிட்டது, கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். துப்பாக்கி, புதையல் எதுவும் கிடையாது. 'போகிறேன்' என்ற பொத்தானை அழுத்தினேன். வீட்டுக்கார அம்மா இன்னொரு டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். பழைய ஆல்பம் வந்தது. 'கிளம்புகிறேன்' என்றால் "அதுக்குள்ளயா?" என்று முகம் வாடியது. 'நேரமாகிவிட்டது' என்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அது ரொம்ப நாளாகவே முன்னால் ஓடுகிறது என்றார். ஒரு முழு மதியம் அந்த சோபாவில் கழிந்தது. விளையாட்டுக்குள் குடித்த டீக்கு என் நிஜ வயிறே உப்பிவிட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

சரிதான், நிரலில் பிழை, சோதித்துப் பார்க்காமல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். விமர்சகனுக்குக் கோபம் வந்தால் உவமை சரளமாக வரும். வீட்டைக் கட்டியவர்கள் கதவு வைக்க மறந்துவிட்டார்கள் என்று எழுதி, ரசித்து, உரக்க ஒரு முறை வாசித்தும் பார்த்துக்கொண்டேன். விடலாம். சனிக்கிழமை மதியம் பக்கத்தை அனுப்பிவிட்டுச் சாப்பிடக் கீழே இறங்கினேன்.

சனிக்கிழமை சாப்பாடு எப்போதும் கீழ்வீட்டில்தான். மச்சினனும் இருந்தான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், துறைத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று ஒரு வருடம் சம்பளமில்லாத விடுப்பில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். அவன் அறைப் பக்கம் போகும்போதெல்லாம், படிக்கிற பிள்ளை ஆயிற்றே என்று நுனிக்காலில் நடந்திருக்கிறேன்.

தட்டில் கை வைத்ததும், அந்தச் சின்ன கேம் எப்படி இருந்தது என்று மனைவி கேட்டாள். பேய் வந்தாலே கண்டுகொள்ளாதவள் இதைக் கேட்கிறாளே என்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையை உதறிவிட்டு, கதவு வைக்க மறந்த வரியை ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். 'விடலாம்' என்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு இடைவெளிகூட விட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இண்டிகேட்டர் போடாமத் திரும்பிட்டீங்களே, மாப்பிள்ளை."

எனக்குப் புரியவில்லை. மச்சினன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வரி நல்லாருக்கு அத்தான்," என்றான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

"அவன் பண்ணின கேமுங்க அது," என்றாள் மனைவி.

தேர்வும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வருடமாக அந்த மூடிய கதவுக்குப் பின்னால் அவனும், ஊரில் எங்கோ இருந்துகொண்டு படம் வரைந்து அனுப்பும் சிநேகிதி ஒருத்தியுமாக அதைச் செய்து, நிறுவனம் என்று ஒரு பெயர் வைத்து அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரிய வெளியீட்டு நிறுவனம் ஒன்று அதை எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் என்ன வருகிறதோ அதைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எடுத்தால் அடுத்த விளையாட்டையும் அவர்களுக்காகவே செய்வான். எடுக்காவிட்டால் விடுப்பு முடிந்தது, திங்கட்கிழமை காலை பழைய மேசைக்குப் போய் உட்கார வேண்டும்.

கை கழுவும் இடத்துக்குப் போய் அவனைப் பிடித்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"சொன்னா வாங்கலாம்னு எழுதிடுவீங்க. அப்புறம் அது நெசமாவே நல்லாருக்கான்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

எழுதியிருப்பேன்தான். மூன்று ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருப்பேன். குழாயை மூடுவதுபோல் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கூடத்திலிருந்து மாமனார், யாரிடம் என்றில்லாமல், "ஆனா கதவு தொறக்குமே," என்றார். அவரே இரண்டு முறை வெளியே போய்விட்டு வந்திருக்கிறாராம். மனைவியும் போயிருக்கிறாள். குடும்பத்தில் உள்ளே மாட்டிக்கொண்டு கிடந்தது தொழில்முறை விமர்சகன் ஒருவன்தான்.

மச்சினனின் கணினி முன்னால் என்னை உட்காரவைத்தார்கள். மூன்று பேரும் முதுகுக்குப் பின்னால். போகிறேன் என்று அழுத்தினேன். டீ வந்தது. மறுபடி அழுத்தினேன். மனைவி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, போறேன்னு சொன்னா யாருதான் விடுவாங்க? வரேன்னு சொல்லுங்க."

திரையின் மூலையில் 'வருகிறேன்' என்ற பொத்தானும் இருந்தது. முதல் நிமிடத்திலேயே பார்த்திருந்தேன். இத்தனை வருடத் தொழிலில் பொத்தானில் எழுதியிருப்பதுதான் பொத்தானின் வேலை என்று பழகிவிட்டது. குதி என்றால் குதிக்கும், சுடு என்றால் சுடும். வருகிறேன் என்றால் உள்ளே வருவது. ஏற்கெனவே உள்ளே சோபாவில் உட்கார்ந்திருப்பவன் இன்னும் எங்கே வருவது, சமையலறைக்கா என்று தொடாமல் விட்டுவிட்டேன். தினமும் மாடிப்படி இறங்கும்போது வாய் அதையேதான் சொல்கிறது. விரலுக்கு மட்டும் அது தெரிந்திருக்கவில்லை.

அழுத்தினேன். வீட்டுக்கார அம்மா எழுந்தார். புடவையை நீவிக்கொண்டு, "சரி, வா," என்று கதவைத் திறந்தார்.

ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் அப்போதுதான் ஆரம்பித்தது. வாசல் கேட்வரை கூடவே வருகிறார் அந்த அம்மா. உள்ளே இருந்தவரை ஊரார் கதையெல்லாம் பேசியவர், கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பற்றிப் பேசுகிறார். நாம் ஒரு அடி வைத்தால் இன்னும் ஒன்று சொல்கிறார். நின்றால் அவரும் பேசாமல் நிற்கிறார். மூன்றாவது அடியில், முன்னறை விளக்கை ரொம்ப நாள் கழித்து இன்றைக்குத்தான் போட்டேன் என்றார். நான் அடி எடுத்து வைக்கவில்லை. மூக்கு தானாக உறிஞ்சியது. மாமனார் பின்னாலிருந்து கைக்குட்டையை நீட்டினார். கிரீஸ் வாசனை அடித்தது. அதிலேயே சிந்தினேன்.

அந்தக் கைக்குட்டையோடு மேடத்தைக் கூப்பிட்டேன். கதவு இருக்கிறது, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன், அது மட்டுமல்ல, செய்தவன் என் மனைவியின் தம்பி, அது இப்போதுதான் தெரியும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"மச்சினன் கேமைத் திட்டிட்டு, இப்ப பாராட்டணும்ங்கறீங்க. இத எந்த மூஞ்சியோட நான் அச்சுக்கு அனுப்பறது?"

"பாராட்ட வேணாம் மேடம். எனக்கு அந்த உரிமை இல்ல. ஆனா அங்க இருக்கிற வரி பொய். அத எடுத்துடுங்க."

எடுத்துவிட்டால் விமர்சனமே இருக்காது, விமர்சனம் இல்லாவிட்டால் நிறுவனம் ஏறெடுத்தும் பார்க்காது. அது எனக்கும் தெரியும், பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த மச்சினனுக்கும் தெரியும். எடுத்துடச் சொல்லுங்க அத்தான் என்று அவனே தலையாட்டினான்.

"ஆறு மணிக்குப் பக்கம் போகணும். கேமை எனக்கு அனுப்புங்க, நானே ஆடிப் பாக்கறேன்," என்றார் மேடம். வழக்கம்போலக் கட்.

மேடம் வாழ்நாளில் ஆடிய ஒரே விளையாட்டு குறுக்கெழுத்து. ஃபோனை வைக்கும்போதுகூட விடைபெறாதவர் அந்த சோபாவிலிருந்து எப்படி எழுந்திருப்பார் என்று மனைவிக்குக் கவலை வந்துவிட்டது. டீயைக் குடித்துக் குடித்தே பொறுமையிழந்து இயந்திரத்தை அணைத்துவிடுவார் என்றாள். அப்படியெல்லாம் இல்லை, படித்தவர், பொத்தானை வாசிப்பார் என்றேன். நீங்களும் படித்தவர்தானே என்றாள். மாமனார் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். மச்சினன் அலுவலகச் சட்டை ஒன்றை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தான். அதைப் பார்க்க எங்களுக்குத் தாங்கவில்லை. அவனோ காலரையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு மணி தாண்டியது. அழைப்பு வரவில்லை. ஏழு நெருங்கும்போது ஃபோன் அடித்தது. மேடம்தான். செய்த பையன் பக்கத்தில் இருந்தால் கொடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, வாசல் கேட்கிட்ட நின்னு பேசறாங்களே அந்தம்மா. அது எப்ப முடியும்?"

மச்சினன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"முடியாது மேடம். நீங்களாத் திரும்பி நடந்தாத்தான் உண்டு."

"ஓ," என்றார் மேடம். பின்னணியில் யாரோ, பக்கம் இன்னும் வரவில்லை என்று கத்துவது கேட்டது. மேடம் அந்தப் பக்கம் திரும்பி, அஞ்சு நிமிஷம் பொறுங்க, வெளியில நிக்கறேன் என்றார். அவர் நின்றது அலுவலகத்துக்கு வெளியே அல்ல என்பது எங்கள் நான்கு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் மாமனார் நடைப்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு இதழோடு வந்தார். ஐந்தாவது பத்தியின் கீழே மேடத்தின் பெயர் இருந்தது. இதை எழுத வேண்டியவர் விருந்தாளியாகப் போன வீட்டிலேயே மாட்டிக்கொண்டதாலும், செய்தவர் அவருடைய மைத்துனர் என்பதாலும் நான் எழுதுகிறேன் என்று ஆரம்பித்திருந்தார். பந்தயம், பேய் என்றெல்லாம் எதையும் ஒப்பிடவில்லை. வாசல் கேட்டருகே நெடுநேரம் நின்றேன், பிறகு என் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன், வாங்கலாம். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் நான் எழுதியதில் அந்தப் பத்தியின் பாதி நீளத்துக்குக்கூட உருப்படியாக ஒன்று இல்லை. வாசகர்கள் முன்னால் என் மானம் போனது பற்றி மாமனார் ஆறுதல் சொன்னார். கடைசியாக வந்தாலும் வண்டியில் கீறல் இல்லை என்றார்.

மதியம் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. மச்சினன் ஃபோனோடு மாடிப்படிக்கு ஓடினான். மாமனார் ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த ஸ்கூட்டரைத் துடைக்கப் போனார், அங்கிருந்து படிக்கட்டு தெரியும் என்பதால். நானும் மனைவியும் மேலே கைப்பிடிச் சுவரில் துணி காயப்போட்டோம், ஈரத்துணி எதுவும் இல்லாவிட்டாலும். அவன் நிறைய "சரிங்க" சொன்னான். முடிந்ததும் எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தான், அப்பா பக்கம் பார்த்தான், அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் கீழே இறங்கியபோது அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது. இன்னும் தூக்கம். வாசலில் மாமனார் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார், கிசுகிசுப்பான குரலில். காய்கறிக்காரரும் காரணம் தெரியாமலே கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.