பதிவேட்டில் விட்டுப்போன வரி

மாநகராட்சி நடத்தும் எங்கள் ஹீப்ரு மாலை வகுப்பின் பதிவேட்டை எழுதுவது நான்தான். வேறு யாரும் கை தூக்கவில்லை. யார் வந்தார்கள், என்ன படித்தோம், என்ன பேசினோம் என்று மையால் எழுத வேண்டும். பின்னால் எதையாவது சேர்த்தால் பக்கத்தில் அன்றைய தேதியும் கையொப்பமும் இட வேண்டும். விதி அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. நான் அதை நான்கு முறை படித்தவள்.

ஆசிரியை திர்ஸா லாண்டவ் இஸ்ரேலின் ஹைஃபாவில் பிறந்தவர். பெர்லினுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய ஒப்பந்தத்தைப் பருவத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வரி அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற மாணவர் கெர்னோட் ஃபிளாஸ்க்கைத் திறந்தபடியே கேட்டார்: "உங்க நாட்டுச் சண்டையப் பத்தி என்ன நினைக்கிறீங்க மேடம்?"

"அந்த அரசாங்கம் காஸாவுல பண்றது கொலை. என் பேரைச் சொல்லிப் பண்றத நான் ஒத்துக்க மாட்டேன். சரி, பக்கம் முப்பத்தொண்ணு."

கெர்னோட் கைதட்டினார். "பாருங்க, நீங்க நல்ல யூதர். மத்தவங்கதான் பத்திரிகை, பேங்க் எல்லாத்தையும் கையில வச்சுக்கிட்டு நம்மள ஆட்டிவைக்கிறாங்க."

"உங்க கைதட்டல் எனக்கு வேணாம். ஃபிளாஸ்க்க எடுத்துக்கிட்டு வெளிய போங்க."

அவர் போனார். மற்ற நான்கு பேரும் பக்கம் முப்பத்தொன்றை அப்படியொரு ஆர்வத்தோடு பார்த்தார்கள். நானும்தான்.

வகுப்பு முடிந்து எழுத உட்கார்ந்தேன். திர்ஸா சொன்னதைச் சொல் மாறாமல் எழுதினேன். கெர்னோட் சொன்னதற்கு வந்தபோது பேனா நின்றது. இத்தனை அசிங்கத்தை மாநகராட்சிப் புத்தகத்தில் எழுதுவது நாகரிகமா என்று யோசித்தேன். கடைசியில் எழுதியது: "திரு. கெர்னோட் சீக்கிரம் புறப்பட்டார்." முழுவதையும் வீட்டில் என் நாட்குறிப்பில் எழுதினேன். அங்கே எனக்கு நாகரிகம் தேவைப்படவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. "அக்கறையுள்ள குடிமகன்" ஒருவர் புகார் கொடுத்திருக்கிறாராம். ஆசிரியை யூத வெறுப்பைப் பரப்பினாராம். வட்டாரத்தின் யூத வெறுப்பு எதிர்ப்பு அலுவலர் டாக்டர் எல்லர்புரோக் விசாரிப்பாராம். அந்த வெறுப்பை ஒழிக்க வந்த அலுவலகத்தில் அதைக் கக்கியவரே மனு கொடுத்து, ரசீதும் வாங்கியிருக்கிறார்.

அதற்கு முந்தைய கோடையில் திர்ஸாவின் தபால்பெட்டியில் யாரோ நாஜிச் சின்னத்தைக் கீறியிருந்தார்கள். அப்போது அவர் எழுதியதும் இதே அலுவலகத்துக்குத்தான். நான்கு மாதம் கழித்து ஒரு துண்டுப்பிரசுரம் அனுப்பினார்கள். இந்தப் புகாருக்கு விசாரணை வைக்க ஒன்பதே நாள். பதிவேட்டை எழுதியவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

அலுவலரின் மேசையில் ஜெருசலேமிலிருந்து கொண்டுவந்த கூழாங்கற்கள் ஒரு கிண்ணத்தில் இருந்தன. பேசும்போது அவற்றைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இந்த நகரத்துல யூதர்கள் பாதுகாப்பா உணரணும். அதுதான் எங்க கடமை," என்றார்.

"நான் ஒருத்தி இங்கதான் உட்கார்ந்திருக்கேன்," என்றார் திர்ஸா. "எங்கிட்டயும் கேளுங்க."

"தனிப்பட்ட உணர்வ நாங்க மதிக்கிறோம் மேடம். ஆனா யூத வெறுப்புன்னா என்னன்னு எங்ககிட்ட வரையறை இருக்கு."

"என் தபால்பெட்டி அதுல வருதா?"

"அது வேற பிரிவு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மத்த நாலு பேருக்கும் எதுவும் காதுல விழலையாம். மேடம் சொன்னதா இருக்கற இந்த வரி நீங்க எழுதினதா?"

தவறாகக் காதில் விழுந்துவிட்டது என்று சொன்னால் திர்ஸாவின் ஒப்பந்தம் பிழைத்துவிடும். நான் அவரைப் பார்த்தேன்.

"பொய் சொல்லாத வீப்கே," என்றார். "இந்தக் கட்டடத்துல நான் சொன்னத ஒழுங்கா எழுதினவ நீ ஒருத்திதான். அதையும் கெடுத்துடாத."

"நான் எழுதினதுதான்," என்றேன். "ஆனா ஒரு வரி விட்டுப்போச்சு." நாட்குறிப்பை எடுத்துக் கெர்னோட் சொன்னதைப் படித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை.

எல்லர்புரோக் ஒரு கூழாங்கல்லை எடுத்து மறுபடி கிண்ணத்தில் வைத்தார். "தனியார் குறிப்பு சான்று ஆகாது. பதிவேட்டுல இருக்கறதுதான் கணக்கு. பதிவேட்டுல அவர் சீக்கிரம் புறப்பட்டார்."

"அப்போ பதிவேட்டக் குடுங்க."

அவர் தடுப்பதற்குள் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கெர்னோட்டின் வரியைச் சொல் மாறாமல் எழுதினேன். அன்றைய தேதி போட்டேன். கையொப்பம் இட்டேன். அட்டையில் உள்ள விதியை அவரிடம் காட்டினேன்.

"எழுத்தாவது தெளிவா இருக்கு," என்றார் திர்ஸா.

அடுத்த வாரம் இரண்டு உறைகள் வந்தன. திர்ஸாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, காரணம் "தெளிவின்மை". இரண்டாவது எனக்கு. மாநகராட்சி ஆவணம் ஒன்றில் யூத வெறுப்பு வாசகம் எழுதியதற்காக என்மேல் விசாரணை. சான்றாக அதே பக்கத்தின் நகல். என் கையொப்பத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

அந்த வரியைச் சொன்னவர் பெயரும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அதைச் சுற்றி வட்டம் இல்லை. கறுப்புப் பட்டை இருந்தது. புகார் கொடுத்தவரின் அடையாளத்தைக் காக்க வேண்டுமாம்.

கடிதத்தைத் திர்ஸாவிடம் கொண்டுபோனேன். அவர் தபால்பெட்டியில் இருந்த கீறலின் மேல் சாயம் பூசிக்கொண்டிருந்தார். படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

"உள்ள வா," என்றார். "பக்கம் முப்பத்தொண்ண இன்னும் முடிக்கல."