விசும்பல் வரும் இடம்

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியின் மேல்மாடியில் பதினொரு நாற்காலி போட்ட அறையில் கூடும் கேட்போர் வட்டத்தில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனாலும் அவருக்குத் தெரியும்; தெரிந்ததில் உள்ளூரப் பெருமையும் உண்டு. பிழைப்பே காதுதான். காது மந்தமானவர்களைச் சோதித்துக் கருவி பொருத்துகிற கடை வைத்திருந்தார். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் காது, ஏழாம் நாள் சொந்தக் காது.

வட்டத்தின் வேலை இத்தாலிய ஆப்பராவைப் பதிவில் கேட்பது. உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆப்பரா மேடையைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த மொழியும் யாருக்கும் தெரியாது. அதற்காகக் கருத்துச் சொல்வதில் யாரும் குறை வைத்ததும் இல்லை. பாடகிகளில் அவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடியது ஒரே ஒரு சோப்ரானோவை, அதாவது உச்சக்குரல் பாடகியை. வட்டத்துக்குள் அவர் வெறும் ‘அம்மையார்’.

அம்மையார் பாடுவது மட்டுமல்ல, பதிவிலேயே நடிக்கிறார் என்பது பாம்புச்செவியின் கட்சி. அதற்குச் சாட்சியாக அவர் வைத்திருந்தது ஒரு பழைய கேசட். இருபத்தாறு வருடம் முன்பு வானொலியில் ஒலிபரப்பான ஒரு மேடை நிகழ்ச்சி. கதாநாயகி ஒரு கடிதத்தைப் படிக்கிறாள்; காதலன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று தெரிகிறது; வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். ‘போகிறேன்’ என்று பொருள்படும் ஒரே சொல்லை மூன்று முறை பாடுகிறாள். முதல் ‘போகிறேன்’ அவனுக்கு. முழுக் குரல், கோபம், கண்ணாடிக் கதவை அறைந்து சாத்துவதுபோல. இரண்டாவது வீட்டுக்கு. பாதிக் குரல், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு. திருப்பிக்கொண்டது எப்படித் தெரியும் என்றால், மெய்யெழுத்துகள் மழுங்கி வருகின்றன என்பார். மூன்றாவது யாருக்கும் இல்லை. குரலே இல்லாமல், நூல்போல.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே வாத்தியங்கள் நின்றுபோகும். அந்த அமைதியில் ஒரு விசும்பல் வரும். அடக்கப் பார்த்து அடங்காமல் தப்பித்த ஒரே ஒரு விசும்பல்.

அதைப் பற்றி அவர் இருபத்தாறு வருடமாகப் பேசிவந்தார். பேசும்போது கண் கலங்கிவிடும். வட்டத்தின் ஆண்டுமலருக்கு இந்த முறை ஒன்பது பக்கக் கட்டுரையும் கொடுத்திருந்தார். ‘இது காதலனுக்கான விசும்பல் அல்ல; அவனைவிட நெருங்கிய யாரையோ இழந்தவளின் விசும்பல். அதை வெளியே சொல்ல முடியாமல் நிற்பவளின் விசும்பல்’ என்று அதில் ஒரு வரி. அந்த வரியை அவரே நாலைந்து தடவை படித்துப் பார்த்துக்கொண்டார்.

வட்டத்தில் அவருக்கு ஆகாத ஆள் மருந்துக்கடைக்காரர். “நடிப்புன்னா கண்ணால பார்க்கணும் சார். கேசட்டுல ஏது நடிப்பு? அந்தம்மா பாடுறாங்க, நடிக்கிறது நீங்கதான்” என்பார்.

ஒரு ஞாயிறு மருந்துக்கடைக்காரர் ஒரு சி.டி.யைக் கொண்டுவந்தார். அதே நாள், அதே மேடை, அதே ஒலிபரப்பு. வானொலிக்காரர்களின் மூலநாடா எங்கோ கிடைத்துப் புதிதாக வெளியிட்டிருந்தார்கள். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் முன்யோசனையாகக் கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முதல் ‘போகிறேன்’ வந்தது. இரண்டாவது வந்தது. வாத்தியங்கள் நின்றன. கூட்டத்தில் யாரோ இருமினார்கள், கேசட்டில் இருக்கும் அதே இருமல். பிறகு நேராக மூன்றாவது ‘போகிறேன்’.

விசும்பல் இல்லை. டீச்சர் கைக்குட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“சுத்தம் பண்றேன்னு அழிச்சிருக்காங்க” என்றார் பாம்புச்செவி.

“இருமலை விட்டுட்டு விசும்பலை மட்டும் பொறுக்கி எடுத்தாங்களா? அடுத்த வாரம் உங்க கேசட்டைக் கொண்டாங்க சார், எல்லாரும் சேர்ந்து கேப்போம். அதுவரைக்கும் மலர் அச்சுக்குப் போக வேண்டாம்.”

இருபத்தாறு வருடப் பெயர். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மதியம், கடையில் ஆளில்லாத நேரம், சோதனைக் கருவியோடு கேசட்டை இணைத்தார். சி.டி.யில் இல்லாத விசும்பலின் நேரத்தைத் துல்லியமாகக் குறித்துக் கொண்டுபோய் மருந்துக்கடைக்காரர் வாயை அடைக்க வேண்டும். அதற்கு இன்னொரு காதும் சாட்சி சொன்னால் நல்லது. கடையில் வேறு யார்? முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளின் அட்டை எழுதுகிற மனைவிதான்.

“இங்க கொஞ்சம் வா. கூண்டுக்குள்ள உக்காரு.”

சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டு அது. பதினெட்டு வருடமாக ஊராரை அதற்குள் அனுப்பியவள், தான் போய் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை. ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தார். அதை அழுத்தினால் வெளியே அவர் மேசையில் சிவப்பு விளக்கு எரியும்.

“பாட்டு வரும். அதுல ஒரு விசும்பல் கேக்கும். கேட்டதும் அழுத்து, அவ்வளவுதான். பாட்டைப் பத்தியெல்லாம் யோசிக்காதே, அது உனக்குப் புரியாது.”

கேசட் ஓடியது. விளக்கு எரிந்தது. ஒரு நொடி கழித்து விசும்பல் வந்தது.

பேசும் பொத்தானை அமுக்கி, “அவசரப்படாதே. வந்தப்புறம் அழுத்து” என்றார்.

மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் விளக்கு முன்னால், விசும்பல் பின்னால். மூன்றாம் தடவையும் அப்படியே. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காதுக்குள் எந்நேரமும் இரைச்சல் கேட்பவர்கள்தான் இப்படி வராத சத்தத்துக்கு அழுத்துவார்கள். ஆனால் அவர்களுக்குக்கூடக் குறி இப்படி மூன்று தடவையும் ஒரே இடத்தில் விழாது.

“சத்தம் வர்றதுக்கு முன்னாடி எப்படித் தெரியுது உனக்கு?”

கூண்டுக்குள்ளிருந்து அவள் குரல் அவர் மேசை ஒலிபெருக்கி வழியாக வந்தது. “என்னோட அழுகை வர்ற நேரம் எனக்குத் தெரியாதா?”

அவர் கேசட்டை நிறுத்தினார்.

அந்தக் காலத்தில் அவரிடம் வானொலியிலிருந்து நேரே பதிவு செய்யக் கம்பி இணைப்பு கிடையாது. வானொலிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, அதன் மைக்கைத் திறந்துவிட்டு, வீட்டில் எல்லோரையும் மூச்சுவிடாமல் இருக்கச் சொல்வார். யாராவது அறைக்குள் வந்தால் திரும்பிப் பார்க்காமலேயே உள்ளங்கையை உயர்த்துவார். வந்தவர் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

“பக்கத்து வீட்டுக்குப் போன் வந்துச்சு, அம்மா போயிட்டாங்கன்னு. ஓடி வந்தேன். கையைத் தூக்கினீங்க. நின்னேன். வாயைப் பொத்திக்கிட்டுத்தான் நின்னேன், ஆனாலும் ஒண்ணு வெளிய வந்துடுச்சு.”

கேசட்டின் முதுகில் அவருடைய கையெழுத்தில் தேதி இருந்தது. வீட்டுக் கூடத்தில் மாமியாரின் படத்துக்குக் கீழே இருப்பதும் அதே தேதிதான். தினமும் இரண்டையும் பார்த்தவர் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. போதாததற்கு, “செய்தி கேட்டதும் பாட்டைப் பாதியில விட்டுட்டு ஓடினேன்” என்று மைத்துனனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவரும் அதை மனதார நம்பித்தான் சொன்னார். ஆனால் கேசட்டில் பாட்டு பாதியில் நிற்கவில்லை. கைதட்டல்கூட முழுசாக இருந்தது. விசும்பலிலிருந்து கைதட்டல் வரை எவ்வளவு நேரம் என்று கருவியில் பார்த்தார். நான்கு நிமிடம்.

“ஏன் சொல்லல?”

“என்னத்தைச் சொல்ல? அதைப் பத்திப் பேசும்போதெல்லாம் உங்க கண்ணு கலங்கும். எங்கம்மாவுக்காக நீங்க அழுதமாதிரி இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்.” ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். “மலருக்கு எழுதினதையும் படிச்சேன். சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

அவருக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“ஞாயித்துக்கிழமை கேசட்டைப் போட்டுக் காட்டுங்க” என்றாள் அவள். “மருந்துக்கடைக்காரர் வாயடைச்சுப் போவார். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். அதுக்கப்புறம் அந்தம்மா என்ன பாடினாங்கன்னுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. வீட்டுல நீங்க போடும்போதெல்லாம் அந்த இடம் வந்தா சமையல்கட்டுக்குப் போயிடுவேன்.”

அந்த வாரம் முழுக்க அவர் இரண்டு மனதாக இருந்தார். சொன்னால் இருபத்தாறு வருடப் பாம்புச்செவி ஒரே நாளில் செவிடாகிவிடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை, அவளே காப்பாற்றுவாள். அதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சனிக்கிழமை, “நீயும் வா” என்று மட்டும் சொன்னார். அவள் வட்டத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை. கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கேசட் சுழன்றது. முதல் ‘போகிறேன்’. இரண்டாவது. வாத்தியங்கள் நின்றன. இருமல். பிறகு அந்த விசும்பல், அறை முழுக்கக் கேட்டது. டீச்சரின் கைக்குட்டை கண்ணுக்குப் போனது. மருந்துக்கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து, “தோத்தேன் சார். இது நடிப்புத்தான்” என்றார்.

எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. இனியும் தள்ளிப்போட முடியாது. எழுந்து நின்றார்.

“ஒரு விஷயம் சொல்லணும். இது அம்மையார் இல்ல. அன்னிக்கு என் வீட்டுல...”

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. உள்ளங்கை அவரைப் பார்த்து விரிந்திருந்தது. அவள் அவரைப் பார்க்கவே இல்லை, ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மையாரின் மூன்றாவது ‘போகிறேன்’ நூல்போல இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும். வாயை மூடிக்கொண்டார். உட்காரவும் தோன்றவில்லை. சொல்ல வந்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு, பாட்டு முடிய இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது என்று தெரிந்தே, நின்றுகொண்டிருந்தார்.