சதுசேயர் மண்டபம்

மராத்தி நகரம் ஒன்றின் ஹடப்சர் பகுதியில் அந்தோணியம்மாளின் ஒற்றை அறை மூன்றாம் மாடியில். படி வளைந்து வளைந்து போகும், சவப்பெட்டி திரும்பாது. அதனால் செத்துப்போன புருஷன் ஜானை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தமிழ்ச் சபை மண்டபத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். அடக்கம் மூன்று மணிக்கு. அதுவரை ஜெபத்தோடு மாடியிலுள்ள மண்டப அறையில் கிடத்த வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அந்த மண்டபத்துக்கு மணல் சுமந்தவன் அவன்.

மேலே வகுப்பு நடந்தது, வாசல் வரை கேட்டது. இயேசு காலத்து யூதப் பிரிவுகளாம். பணக்காரர் பகுதியான பாணேரிலிருந்து காரில் வந்த ஐ.டி. கம்பெனிப் பெரியவர் திரையில் படம் போட்டு விளக்கினார். எசேனியர் தீட்டுக்குப் பயந்து ஊரை விட்டே ஒதுங்கிக் குளித்துக் குளித்து வாழ்ந்தார்களாம். சதுசேயர் கோயிலைக் கையில் வைத்துக்கொண்டு, செத்தவன் எழுந்திருக்கவே மாட்டான் என்றார்களாம். கேட்டவர்கள், ஐயோ பாவம், குருட்டு ஜனங்கள் என்று உச்சுக்கொட்டினார்கள்.

செயலாளர் ஜெபராஜ் வாசலிலேயே அவளை மறித்தார். துக்கம் விசாரித்தார், ரொம்ப நேரம் விசாரித்தார். பிறகு, பிள்ளைகள் பயப்படும், ஏசி அறை, வாடை நிற்கும் என்று இழுத்தார்.

"கீழ பார்க்கிங்ல வச்சுக்கோங்கக்கா. தேவன் எல்லா எடத்துலயும் இருக்காரு."

"அப்ப நீங்க ஏன் ஏசியில இருக்கீங்க? அந்தச் சதுசேயனாவது எந்திரிக்க மாட்டான்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். நீங்க எந்திரிப்பான்னு பாடிக்கிட்டே பைக் பக்கத்துல கிடத்தச் சொல்லுதீங்க."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் சலீம்தான் பார்க்கிங்கில் ஒரு பெஞ்சு தேடிப் பிடித்துப் பெட்டியை இறக்க ஆள் சேர்த்தான். அடுத்த அழைப்பு வந்துவிட்டது, போய்விட்டான்.

பன்னிரண்டரைக்கு டெம்போவில் வகுப்புக்கு வந்தவர்களுக்கான பிரியாணி வந்தது. பந்தி பார்க்கிங்கில்தான். பிணத்தின் பக்கத்தில் பிரியாணித் தேக்சாவைத் திறக்க மாட்டேன் என்று சமையல்காரன் ஹிந்தியில் சொல்லிவிட்டான். பசியோடு இறங்கி வந்த கூட்டம் கடைசிப் படியில் முட்டிக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையோடு நின்றது.

ஜெபராஜுக்கு இரக்கம் பொங்கியது.

"மேல கொண்டு போயிரலாம்க்கா. ஜான் அண்ணன் சபைக்கு எவ்வளவு செஞ்சவரு."

"அப்ப தூக்குங்க."

வேறு ஆளில்லை. ஜெபராஜும் பாணேர்க்காரரும் கமிட்டி ஆட்கள் இருவரும் தோள் கொடுத்தார்கள். சபையில் எந்தக் காரியத்தையும் அவர்கள் இத்தனை சுறுசுறுப்பாய்ச் செய்து அவள் பார்த்ததில்லை. ஜானை மண்டபத்தின் நடுவே இறக்கியதும் கையைக் கழுவிக்கொண்டு கீழே ஓடினார்கள். ஜெபம் சொல்ல ஒருவரும் தங்கவில்லை.

அந்தோணியம்மாள் கதவை உள்ளே தாழிட்டாள். ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு, தானே ஜெபத்தை ஆரம்பித்தாள்.