பாவு கட்டிய கல்

பொய் சொன்னால் நாக்கு அழுகிப் போகும் என்பார்கள். எல்லாம் சும்மா. என் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. வெற்றிலை மெல்லுகிறது, நாலு பேருக்கு நியாயமும் சொல்கிறது.

அறுபத்தொன்றில் எங்கள் நெசவாளர் தெருவில் சாக்கடை வெட்டினார்கள். தறியில் ஏற்றுகிற நீளவாட்டு நூலான பட்டுப் பாவு, அதை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவ இடமில்லாமல் போயிற்று. தெருவுக்குப் பின்னால் கிறிஸ்தவக் குடும்பங்களின் கல்லறை மைதானம். என்னிடம் வேலைக்கு வந்துகொண்டிருந்த தனசேகரன் அந்தக் குடும்பங்களில் ஒருவன். அவன்தான் தன் ஆட்களிடம் பேசி, ஓரமாக ஒரு கல் நட்டுப் பாவு கட்டிக்கொள்ள இடம் வாங்கிக் கொடுத்தான்.

"செத்தவங்களுக்கு ஆறடி போதும்ணா. மேல உங்க பட்டு ஓடினா அவங்களுக்கு வலிக்கவா போவுது?" என்றான். குழி தோண்டியது அவன். கல்லைப் பிடித்து நிறுத்தியது நான்.

ஆயுத பூஜைக்குத் தறிக்கும் ஊடு நூல் ஓட்டுகிற நாடாவுக்கும் மஞ்சள் குங்குமம் வைக்கிற கையோடு அந்தக் கல்லுக்கும் வைப்பேன். தொழிலுக்கு உதவுகிற எதையும் விடக்கூடாது என்பது எங்கள் பழக்கம். நாலு வருஷத்தில் தெரு சரியானது. பாவு தெருவுக்கே திரும்பிவிட்டது. கல் மட்டும் மஞ்சளோடு அங்கேயே நின்றது.

பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்தி அதைப் பார்த்துக் கும்பிட்டாள். பிள்ளை பிழைத்தது. அவள் திரும்பி வந்து பொங்கல் வைத்தாள். அப்புறம் கேட்பானேன்! எல்லையம்மன் என்று பெயர் வந்தது, கீற்றுக் கொட்டகை வந்தது, ஆடிக்குக் கூழ் வந்தது. நானும் தனசேகரனும் தனியாக இருக்கும்போது சிரித்துக்கொள்வோம். கும்பிட்டுப் போகட்டும், யார் சோற்றில் மண் விழுகிறது என்பான் அவன்.

சிரித்ததோடு நிறுத்தாமல் அப்போதே ஊருக்குச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்குள் திருவிழாவை முன்னால் நின்று நடத்திய அரிசி மில் கண்ணாயிரம் என்னைத் தர்மகர்த்தா ஆக்கிவிட்டான். ஆடி வெள்ளியில் என் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டே காலம் கழித்தவனுக்கு முதல் மரியாதை! அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அறுபத்தொன்பது ஐப்பசியில் தனசேகரன் மாரடைப்பில் போய்விட்டான். செத்துப்போன மகளுக்குப் பக்கத்திலேயே அவனையும் வைக்க வேண்டும் என்றாள் அவன் மனைவி மரியம்மாள். மகளின் கல்லறை கொட்டகையிலிருந்து பத்தடி. அம்மன் பார்வையில் பிணம் புதைக்கக் கூடாது, இது கோயில் நிலம் என்று கண்ணாயிரம் நாற்பது பேரோடு மறித்தான். பெட்டியை ரோட்டில் இறக்கி வைத்தார்கள். போலீஸோடு தாலுகா ஆபீஸ் அதிகாரியும் வந்து சேர்ந்தார். கல்லறைக்கு முந்திய கோயில் என்றால் கோர்ட் தீர்ப்பு வரும் வரை புதைக்க விட முடியாது, இல்லையென்றால் புதைக்கலாம் என்றார். கோயில் எந்தக் காலத்தது என்று தர்மகர்த்தாவாகிய என்னைக் கேட்டார்.

மரியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் நிம்மதி தெரிந்தது. தணிகாசலண்ணன் இருக்கிறார், சொல்லிவிடுவார் என்ற நிம்மதி. என் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

"எங்க பாட்டன் காலத்துல இருந்தே இருக்குதுங்க" என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அவரு தோண்டின குழி தானேண்ணா அது?" என்றாள்.

கேட்காதவன்போல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். தூ!

பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றி, வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி ஊரில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மகள் இங்கே, அப்பன் அங்கே.

வாயைத் திறக்க எனக்கு அடுத்த ஆடி வரை ஆனது. பரிவட்டம் கட்ட வந்த கையைத் தள்ளிவிட்டு, ஊர் முன்னால் சொன்னேன். "இது சாமி இல்லப்பா. பாவு கட்ட நானும் தனசேகரனும் நட்ட கல்லு. நிலம் அவங்களுது. நான் பொய் சொன்னேன்."

கண்ணாயிரத்தின் கண் கலங்கிவிட்டது. அவன் நடிக்கவில்லை.

"பாத்தீங்களா, ஆத்தா யார் கையால நட வெச்சிக்கினான்னு?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பம்பை முழங்கியது. நான் கத்தக் கத்த எனக்கு அருள் வந்துவிட்டது என்று கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, பரிவட்டத்தையும் கட்டிவிட்டார்கள். தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். கோர்ட்டில் வந்து சொல்லச் சொன்னார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. மைதானத்தைச் சுற்றி வேலி போட்டாயிற்று.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளன்று மரியம்மாள் வந்தாள். உள்ளே போக முடியாமல், மகள் இருக்கிற பக்கமாகப் பார்த்து வேலிக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றினாள். நான் கிட்டே போய், எல்லாவற்றையும் ஊர் முன்னால் சொல்லிவிட்டேன் என்றேன்.

"கேள்விப்பட்டேன்" என்றாள். "அன்னிக்கு ஒரு வார்த்தை போதுமா இருந்துது."

காற்றில் சுடர் படுத்தது. கை கொடுத்து மறைக்கக் குனிந்தேன்.

"வேணாம், தர்மகர்த்தா ஐயா" என்றாள்.

அதுவரை அவள் என்னை அண்ணா என்று தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.