விளக்கு மாடத்துச் சாந்து

1

இந்தக் கதை எனக்கு ஒரு சுவரிலிருந்து கிடைத்தது. மைசூரில் இடிக்கப்போகிற பழைய வீடொன்றைப் பார்க்கப் போயிருந்தேன். பூஜை அறையின் சுண்ணாம்புச் சுவரில் என் முகம் தெரிந்தது. அதே சுவரில் இருந்த விளக்கு மாடம் மட்டும் மங்கிச் சொரசொரப்பாக இருந்தது. ஒரே சுவருக்கு ஏன் இரண்டு சாந்து? நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் கதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

2

'மகாராஜாவின் ஆட்சியில் மைசூர் நகரம் செழித்து...' (வேண்டாம். செழிப்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.)

'சென்னம்மாவின் கைகள் சுண்ணாம்பில் வெந்து...' (இதுவும் வேண்டாம். அவள் கையைக் காட்டி உங்கள் கண்ணீரை வாங்குவது குறுக்கு வழி.)

சரி, இப்படி: பிளேக் ஓய்ந்த சில வருடங்களில் ஒரு வைஷ்ணவக் குடும்பம் புது வீடு கட்டியது. பூச்சு வேலைக்குக் கொள்ளேகாலிலிருந்து வந்தவன் லிங்கப்பன். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு வெண்ணெயாக அரைப்பது அவன் மனைவி சென்னம்மாவின் வேலை. கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ப்பார்கள், பளபளப்பு அதில்தான். வீட்டுக்கார அம்மாள் ஜயம்மாவுக்கு அது எப்படியோ காதில் விழுந்து, அரைக்கும் இடத்துக்கே வந்துவிட்டாள்.

"பெருமாள் இருக்கப்போற உள்ளு, சென்னம்மா. அதுலே முட்டை படப்படாது. சத்தியம் பண்ணு."

"என்ற புருசன் தலைமேல சத்தியமுங்க. கலக்கறவ நான்தானுங்களே."

[ஜயம்மாவைக் கொடுமைக்காரியாக எழுதப் பார்த்தேன். வரவில்லை. மத்தியானம் மோரும், சுண்ணாம்பு பட்ட கைக்குத் தேங்காயெண்ணெயும் கொண்டுவருகிறவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?]

3

அன்று மாலையே சென்னம்மா தூரமானாள். அந்த நாட்களில் பெண் தொட்டால் சாந்து பிடிக்காது என்பது அவர்கள் தொழிலில் கட்டுப்பாடு. கொட்டகைக்குப் பின்னால் தனியே போய் உட்கார்ந்துவிட்டாள். சத்தியத்தைப் புருசனிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. தான் இல்லாமல் கடைசிப் பூச்சு நடக்காது என்று அத்தனை நம்பிக்கை. கிருகப்பிரவேசம் நெருங்குகிறதே என்று லிங்கப்பன் தானே அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்தும் முடித்துவிட்டான்.

தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவளுக்குச் சுவரில் தன் முகம் தெரிந்தது.

"ஏனுங்க, முட்டை போட்டீங்களா?"

"போடாம? வெறும் சுண்ணாம்பு இப்படி மின்னுமா? என்ன, பேயறைஞ்சாப்புல நிக்கறே?"

அவள் அவன் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்னால் சுவரைச் சுரண்டச் சொல்வார்கள். வைஷ்ணவர் வீட்டுப் பெருமாள் அறையில் முட்டை கலந்தவன் என்று பேர் வந்தால் இந்த ஊரில் அவனுக்கு இன்னொரு சுவர் கிடைக்காது. சொல்லாவிட்டால், அந்தத் தலை. (இங்கே லிங்கப்பனை ஒருமுறை இருமவைத்தேன். மலிவாக இருந்தது, அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் அந்த இருமல் சென்னம்மாவுக்குக் கேட்டுவிட்டது.)

4

ஒரு முடிவு: புருசன் சாப்பிடப் போன நேரத்தில் அவள் மாடத்தை மட்டும் சுரண்டி, முட்டை சேராத சாந்தைப் பூசுகிறாள். விளக்கு நிற்கிற இடமாவது சத்தியத்துக்குள் இருக்கட்டும் என்று. யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இன்னொரு முடிவு: ஜயம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லிவிடுகிறாள். ஜயம்மா பக்கத்தில் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துக்கொள்கிறாள். பிறகு, "ஆத்துலே யாருக்கும் தெரியவேண்டாம். மாடத்துக்கு மட்டும் முட்டை படாத சாந்து கொஞ்சம் அரைச்சுக் கொடு, போறும். நானே பூசிக்கறேன். அவன் தலையை நான் பெருமாள்கிட்டே கேட்டுக்கறேன்."

மூன்றாவதில் லிங்கப்பன்... (எழுதமாட்டேன். சத்தியம் பலித்ததா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை இருக்கும். அவன் தலைமேல் ஏற்கனவே ஒருத்தி கைவைத்துவிட்டாள். நானும் வைப்பதாக இல்லை.)

5

ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்று அந்த மாடத்துக்குள் கைவிட்டுப் பார்த்தேன். கொத்தனின் கரணை இழுத்த தடம் எங்கும் இல்லை. ஈரச் சாந்தை விரலால் தடவிய கோடுகள் இருந்தன. நான்கு விரல்கள், சின்னக் கை. என் விரல்கள் அவற்றில் அடங்கவில்லை.

சென்னம்மா சாந்தை அரைத்திருக்கிறாள், சுவரில் பூசியதில்லை. ஜயம்மா சாந்தைத் தொட்டதே இல்லை. வீட்டை இடிக்க இன்னும் ஆள் வரவில்லை. போய் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். யாருடைய கை என்று நீங்கள் சொல்லுங்கள்.