நீர் மாத்திரை

எங்கள் ஜவுளிக்கடையில் கால் வீங்காத பெண் ஒருத்தியும் கிடையாது. காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். உட்கார்ந்தால் சூப்பர்வைசர் தனசேகரனுக்குப் பொறுக்காது. ஒன்றுக்குப் போவதென்றாலும் அந்த மகானிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தீபாவளிக் கூட்டத்தில் கேட்டால், "இன்னாம்மா, இப்பத்தான போய்ட்டு வந்த?" என்று நாலு பேர் எதிரில் கத்துவான். பாதிப்பேர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம்.

அதனால் தமிழ்ப்ரியாவின் கால் வீக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. அவள் கல்வராயன் மலைக்காரி. கைக்குழந்தையைத் தாய் மூக்காயியிடம் விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு வந்திருந்தாள். பிரசவத்தோடு அவள் இதயம் பலவீனமாகிவிட்டது. ரத்தத்தை இறைக்கும் தெம்பு அதற்குக் குறைந்துவிட்டதால் உடம்பில் நீர் தங்கும் என்று சொல்லி, அதை வெளியேற்ற டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். விடுதியில் அவளுக்குப் பக்கத்துப் பாயில் படுக்கும் எனக்கு மட்டும்தான் இது தெரியும். கடைக்குத் தெரிந்தால் அன்றே மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள்.

அந்த மாத்திரையைப் போட்டால் அடிக்கடி கழிவறைக்கு ஓட வேண்டும்.

"மாத்திர போட்டியாடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தீவாளி முடியட்டும்க்கா. அந்த ஆளுகிட்ட எத்தினி வாட்டி போய் நிக்கிறது? மானம் போவுது."

நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிட்டேன்.

பிறகு அவளால் படுக்க முடியவில்லை. படுத்தால் இருமல், மூச்சு முட்டல். சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். "மகாராணி கொலு வீற்றிருக்கிறாங்க" என்று கேலி செய்தேன். முகமும் வயிறும் உப்பின. உடம்பு தேறிவிட்டதென்று மற்றவர்கள் மெச்சினார்கள். சேலையை மடித்து வைப்பதற்குள் அவளுக்கு மூச்சு இளைத்தது.

பண்டிகைக்கு முந்தின நாள், சேலைக் கட்டோடு மாடிப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்சில் வந்த பெண் அவள் கணுக்காலில் விரலை அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, மேலெழவே இல்லை.

"எவ்ளோ நாளா இப்படி இருக்குது?"

"எங்க எல்லாருக்குமே இப்டித்தாங்க."

"காலையில வடிஞ்சிடுதா?"

எங்களுக்கு வடிந்துவிடும். அவளுக்கு வடிந்து நான் பார்த்ததில்லை.

நுரையீரல் வரை நீர் ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விடிவதற்குள் போய்விட்டாள்.

முதல் பஸ்ஸில் இறங்கி வந்த மூக்காயி ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"மாத்திரைய வேளைக்குப் போட்டாளா, தாயி?"

"போட்டாம்மா" என்றேன். பெற்றவளிடம் வேறென்ன சொல்வது?

மூக்காயி தலையை ஆட்டினாள். மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"எனக்குங்கூட பிரசருக்குக் குடுத்துக்கிறாங்க. அவளக் காப்பாத்தாத மாத்திர என்னியா காப்பாத்தப் போவுது?"

சாக்கடையில் எறியக் கையை ஓங்கினாள். பாய்ந்து பிடித்தேன். அந்தக் குழந்தைக்கு இனி இவள் ஒருத்திதானே.

"பொய் சொல்லிட்டேம்மா. அவ போடல. ஒண்ணுக்குப் போவ வுட மாட்டாங்கன்னு போடாமயே இருந்துட்டா."

அவள் கை என் பிடியில் தளர்ந்தது. என்னையே பார்த்தாள்.

"இதுக்கா?" என்றாள். "இதுக்கா செத்துப்போனா எம் பொண்ணு?"