தகரத்துக்கு வந்த அரிப்பு

லாரிப் பட்டறைக்கு வரும் புது ஆளிடம் "தகரம் எங்கே?" என்று கேட்டால் அவன் இரும்புக் குவியலைக் காட்டுவான். பழைய ஆட்கள் காட்டுவது நாயை. அது குரைத்தால் தகரத்தில் சுத்தியல் விழுந்த மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். இப்போது இரண்டு மாதமாகக் குரைப்பெல்லாம் போய்ச் சொறிவதே அதற்குப் பிழைப்பாகிவிட்டது. வாலின் அடியைப் பல்லால் கடித்துக் கடித்து மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

பின்கொட்டகையில் லாரி சீட் தைப்பவளுக்குத்தான் அதில் பெரிய கவலை. முப்பது ஆண்கள் வேலை செய்யும் இடத்தில் அவள் ஒருத்திதான் பெண். எல்லோருக்கும் அவள் தையலக்கா. வேலைக்கு வந்த புதிதில் குடித்துவிட்டு வரும் டிரைவர்கள் துணி பார்க்கிறேன் என்று மெஷின்வரை வந்து ஒட்டி நிற்பார்கள். தகரம் மெஷினுக்கடியில் படுக்கத் தொடங்கிய பிறகு எவனும் வாசற்படியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று, "அக்கா, வரலாமா?" என்றுதான் கேட்பான். அந்த மரியாதை தனக்கா நாய்க்கா என்று அவள் ஆராய்ந்ததில்லை. கிடைத்தால் போதும்.

முதல் வைத்தியம் வெல்டருடையது. அவள் புருஷனின் தம்பி அவன்.

"அண்ணி, இது சொறி. கழிவு ஆயிலைத் தடவினா மூணே நாள்ல ஓடிடும்."

"எது ஓடும்? சொறியா, நாயா?"

"சிரிங்க, சிரிங்க. எங்க பழைய பட்டறையில எத்தனை நாய்க்குத் தடவியிருக்கேன் தெரியுமா?"

"அதுல ஒண்ணாவது உசுரோட இருக்கா?"

அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தடவிவிட்டான். தகரம் அதை நக்கி, ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தது. மறுநாள் அந்த ஆயிலை எடுக்க வேண்டுமே என்று, மெக்கானிக்குகள் கிரீஸ் கை கழுவும் பவுடரைப் போட்டு அவளே தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஆயில் போனது. கூடவே தோலில் இருந்த எண்ணெய்ப் பசையும் போய், உடம்பு உப்புக்காகிதம் மாதிரி வறண்டது. அரிப்பு இரட்டிப்பானது.

அந்த வாரமே முதலாளியிடம் ஒரு டிரைவர் புகார் சொன்னான். புது சீட் போட்ட நாளிலிருந்து தொடையெல்லாம் கடித்த தடிப்பாம். முதலாளி நேரே கொட்டகைக்கு வந்தார்.

"உன் நாய் வண்டியில ஏறிப் படுத்திருக்கு. மாசக் கடைசிக்குள்ள சொறி நிக்கணும். இல்லேன்னா லாரியில ஏத்தி எங்கயாவது இறக்கி விட்டுடச் சொல்லிடுவேன்."

"அது எந்த வண்டியிலயும் ஏறாது முதலாளி."

"பின்ன நானா ஏறிக் கடிச்சேன்?"

மறுநாள் அரைநாள் லீவு போட்டாள். நாயைக் கயிற்றில் கட்டி, வெல்டரையும் இழுத்துக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா தோலை மோந்து பார்த்து நிமிர்ந்தாள். "ஆயில் தடவினது யாரு?"

வெல்டர் கூரையைப் பார்த்தான்.

"இவர்தான் எங்க வீட்டு டாக்டர்" என்றாள் தையலக்கா.

"ஆயிலை இன்ஜினுக்கு ஊத்துங்க டாக்டர். இது நக்கும், ஈரல் கெட்டுப் போகும்" என்று டாக்டரம்மா வெல்டரைப் பார்த்துச் சொன்னாள்.

பிளேடின் மழுங்கிய பக்கத்தால் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். சொறிப்பூச்சி இல்லை. அப்புறம் வாலடியில் சீப்பை ஓட்டி, உதிர்ந்த கறுப்புப் பொடியை ஈரப் பஞ்சில் தட்டினாள். பொடி கரைந்து சிவப்பாகப் பரவியது.

"மண்ணுன்னுதானே நினைச்சீங்க? தெள்ளுப்பூச்சியோட கழிவும்மா. அதுக்குள்ள இருக்கிறது உங்க நாயோட ரத்தம்."

"தினம் பாக்குறேனே, ஒரு பூச்சிகூடக் கண்ணுல படலையே?"

"கடிச்சுக் கடிச்சு அதுவே முழுங்கியிருக்கும். சில நாய்க்கு அந்தக் கடி ஒத்துக்காது. ஒண்ணு ரெண்டு கடிச்சாலே போதும், உடம்பே அரிக்கும். புண்ணுக்கும் அரிப்புக்கும் மருந்து தர்றேன். பிடரியில விடுற சொட்டு மருந்து மாசம் ஒரு தடவை. ஆனா ஒண்ணு, நாய் மேல இருக்கிறது கொஞ்சம்தான். முட்டை, புழு, கூடு எல்லாம் அது படுக்கிற இடத்துல இருக்கு. கூட்டுக்குள்ள மாசக்கணக்கா சும்மா கிடக்கும். சூடும் அதிர்வும் பட்டா ஆள் வந்தாச்சுன்னு வெளிய குதிக்கும். எங்க படுக்குது?"

"பகல்ல மெஷினுக்கடியில. ராத்திரி பஞ்சு மேல."

சொல்லும்போதே அவளுக்கு அது உறைத்தது. கிழிந்த சீட்டுகளிலிருந்து உருவிய நாரும் பஞ்சும் கொட்டகை மூலையில் இடுப்பளவு குவிந்து கிடக்கும். அதை உதறித்தான் அடுத்த சீட்டில் அடைக்க வேண்டும் என்பது முதலாளி கட்டளை. மேலே புது ரெக்சின் பளபளக்கும்போது உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்? சூடும் அதிர்வும். ஓடுகிற லாரியின் சீட்டில் அந்த இரண்டுக்கும் என்ன பஞ்சம்?

திரும்பியதும் வெள்ளை லைனிங் துணியை இரண்டு காலிலும் முழங்கால்வரை சுற்றிக் கட்டினாள். குவியலுக்குள் இறங்கி, மிதித்து மிதித்து நின்றாள்.

"என்ன அண்ணி, அடி பட்டுடுச்சா? எதுக்குக் கட்டு?" என்றான் வெல்டர்.

"பேசாம எண்ணு."

அவன் குனிந்தான். வெள்ளைத் துணியில் எள் மாதிரி ஒன்று தொற்றியது. இன்னொன்று. பதினொன்று எண்ணியதும் அவனே இரண்டடி பின்னால் குதித்துவிட்டான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

கட்டை அவிழ்க்காமல் அப்படியே முதலாளி அறைக்கு நடந்தாள்.

"டிரைவரைக் கடிச்சது நாய் இல்ல முதலாளி. நாம அடைச்ச பஞ்சு."

கேட்டுவிட்டு அவர் சொன்னார், "அந்தப் பூச்சி நாய்கிட்ட இருந்துதானே வந்தது? நாய் போனா எல்லாம் போகும்."

"நாய்கிட்ட இருந்துதான் வந்திருக்கும், இல்லேங்கலை. ஆனா நாய் போனாலும் பஞ்சு இங்கதான் கிடக்கும். உள்ள கூடு இருக்கு. நீங்க சீட்டு சீட்டா ஊருக்கெல்லாம் அனுப்பிட்டு இருப்பீங்க. இந்த ஒரு டிரைவர் வாயைத் திறந்தான். மத்தவன் வேற பட்டறை பாத்துப் போயிருப்பான்."

"தைச்சது நீதானே?"

"நான்தான். என் கையாலதான் அடைச்சேன். அதான் நானே வந்து சொல்றேன். இனிமே பழைய பஞ்சை என் ஊசி தொடாது. நம்பிக்கை இல்லேன்னா அஞ்சு நிமிஷம் அந்தக் குவியல்ல நின்னுட்டு வாங்க."

முதலாளி அவள் காலைப் பார்த்தார். வெள்ளைத் துணியில் ஒன்று எம்பிக் குதித்து மேஜைக்கடியில் மறைந்தது. அவர் தன் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"சரி சரி, குவியலைத் தூக்கச் சொல்லு. அந்த சீட்டையும் வரவழைக்கிறேன். நாய் விஷயம் மாசக் கடைசியிலதான்."

குவியலை மூட்டை கட்டித் தூரக் கொண்டுபோய் எரித்தார்கள். தரைவெடிப்புகளைத் துருவிக் கூட்டி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றினாள். நாய்க்கு ரப்பர் பாய் போட்டாள். அதற்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் வெறும் தரையில் படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் வாரம் மறுபடி அரித்தது. மிச்சக் கூடுகள் பொரியும், பயப்பட வேண்டாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"மருந்து வேலை செய்யல அண்ணி. கொஞ்சூண்டு ஆயில்..."

"அந்த டப்பாவைத் தொடு, கையைச் சேர்த்து சீட்டுல தைச்சுடுறேன்."

மாசக் கடைசியில் அந்த டிரைவரின் சீட்டு வந்து சேர்ந்தது. போன தடவை ஒரு முழு நாள் உட்கார்ந்து, வரிக்கு வரி இரட்டைத் தையல் போட்டிருந்தாள். சீட்டை முற்றத்தில் வைத்துப் பிளேடால் ஓரமாகக் கிழிக்கத் தொடங்கியபோது முதலாளி வந்து நின்றார். குனிந்து, பக்கத்தில் படுத்திருந்த நாயைப் பார்த்தார். புண் காய்ந்து, பொருக்கு உதிர்ந்திருந்தது.

"வாலு இன்னும் மொட்டையா இருக்கே."

"முளைக்கும். பாருங்க, குச்சி குச்சியா வருது."

"சொறியுதா?"

"நாய்னா ரெண்டு தடவை சொறியத்தான் செய்யும். நீங்க சொறிஞ்சதே இல்லையா?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தகரம் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

"மாசாமாசம் அந்தச் சொட்டு மருந்தை மறந்துடாத" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவள் நிமிரவில்லை. தன் தையலைத் தானே அறுத்து, உள்ளே கைவிட்டு, பழைய பஞ்சைப் பிடி பிடியாகச் சாக்குக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.